பாறையடி வளைவில் நான் திரும்பிப் பார்க்கவில்லை

அன்புள்ள பவித்ராவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் பேசிய பிறகு நான் ஜீப்பைக் கழுவப் போனேன். கழுவி முடித்ததையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு உன் அம்மா வாசலில் வந்து நின்று, "என்ன, வண்டித் தோலை உரிக்கப் போறீகளா?" என்று கேட்டாள். நீ கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தவன்தானே. இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது ஆத்தா. பேசப் பேச எனக்குச் சத்தம் கூடிவிடும், நீ "அப்பா, கத்தாதீங்க" என்பாய், நான் "யாரு கத்துறா" என்று கத்துவேன், நீ வைத்துவிடுவாய். இருபத்தொரு வருசமாக நமக்குள் நடக்கிற கூத்து இது. அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்பதால் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். நாளைக் காலையில் இதே கடிதத்தை நம் ஜீப்பில் வருகிற பெண்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். ஏன் என்பது படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

நீ சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்று முதலில் பார். உங்கள் காலேஜ் கபடி டீமுக்கு இந்த வருசம் ஒரு பிள்ளை புதிதாக வந்திருக்கிறாள். ஆணாகப் பிறந்து இப்போது பெண்ணாக வாழ்கிறவள், திருநங்கை. அவளைப் பெண்கள் டீமில் ரெய்டுக்கு இறக்கிப் பார்க்கலாம் என்று கோச் நினைக்கிறார். அவள் உள்ளே வந்தால் உங்களில் ஒருத்தி வெளியே போக வேண்டும், அது நீயாகவே இருக்கலாம். இந்த வருசம் பெரிய போட்டியில் ஆடினால்தான் விளையாட்டு கோட்டாவில் உனக்கு வேலைக்கு வழி. நீங்கள் எல்லாரும் சேர்ந்து காலேஜுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறீர்கள். அவளைப் பெண்கள் டீமில் சேர்க்கக் கூடாது, நாங்கள் உடை மாற்றுகிற அறைக்குள்ளும் விடக் கூடாது என்று மனு. கேப்டன் என்பதால் முதல் கையெழுத்து உன்னுடையது, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். "போடவாப்பா?" என்று கேட்டாய். இருபது நிமிசம் பேசினாய், அந்தப் பிள்ளையின் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பேர் என்ன என்று நானே கேட்டேன். "என்னமோ வச்சிருக்கு" என்றாய்.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உடம்பில் எந்தச் சுரப்பு எவ்வளவு இருக்க வேண்டும், வெளிநாட்டில் எந்த விளையாட்டில் என்ன விதி என்று நீ சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் பாயும் ஆளைத் தொடையைக் கட்டிப் பிடித்து நிறுத்துவது என்ன என்று எனக்குத் தெரியும், நானும் நம் ஊர் டீமில் ஆறு வருசம் ஆடியவன். நீ ஏழாம் வகுப்புப் படித்தபோது நான் செய்த கோட்டித்தனம் உனக்கு மறந்திருக்காது. பொம்பளைப் பிள்ளைகளோடு மட்டும் ஆடினால் எப்படித் தேறுவாய் என்று உன்னைக் கொண்டுபோய்ப் பையன்களோடு ஆடவிட்டேன். "வேண்டாம்ப்பா. வலிக்குது. அவிங்க ஒரு மாதிரி பிடிக்கிறாய்ங்கப்பா" என்று நீ வந்து நின்றாய். வலி தாங்கினால்தான் ஆட்டம் வரும் என்று திருப்பி அனுப்பினேன். நாலாவது நாள் உன் காறை எலும்பு முறிந்தது. எலும்பு முறிந்ததற்கு நான் உன்னிடம் அன்றைக்கே அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் "ஒரு மாதிரி" என்று நீ சொன்னாயே, அதை நான் காதில் வாங்கவே இல்லை என்பது எனக்கு ரொம்ப வருசம் கழித்துத்தான் உறைத்தது. அதனால் பெண்களுக்குத் தனி ஆட்டம் எதற்கு, தனி அறை எதற்கு என்று யாராவது கேட்டால் அவனை நான் சும்மா விட மாட்டேன். அது உங்களுக்கு யாரும் இனாமாகக் கொடுத்தது கிடையாது.

நம் ஜீப்புக்குப் பொம்பளை ஜீப் என்று பேர் வந்ததும் அப்படித்தான். கம்பத்திலிருந்து விடிந்தும் விடியாமலும் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்புகிற ஜீப்புகளில் ஆணும் பெண்ணும் ஒருத்தர்மேல் ஒருத்தராக நெருக்கியடித்துத்தான் போவார்கள். வேறொரு ஜீப்பில் பேச்சியம்மாளின் மகளிடம் ஒருத்தன் கையை வைத்துவிட்டான். பேச்சியம்மாள் அவனைச் சோற்றுத் தூக்கால் மண்டையில் அடித்துவிட்டு, அடித்த தூக்கோடு நேராக என்னிடம் வந்தாள். "தம்பி, நாங்க இருபது பேரு உன் வண்டிக்கு வாரோம். பின்னால ஒரு ஆம்பளை ஏறக் கூடாது. ஏறுனா நாங்க இறங்கிருவோம். சம்மதமா?" என்றாள். சம்மதம் என்றேன். அன்றிலிருந்து பின்னால் பெண்கள் மட்டும். முன் சீட்டில் நானும் தோட்டத்து சூப்பர்வைசரும். ஆமாம், நீ மாமா மாமா என்று கூப்பிடுகிற அந்த ஆள்தான். அவர் கம்பத்துக்காரர், தினமும் நம் வண்டியில்தான் தோட்டத்துக்கு வருவார். எந்த ஜீப்புக்கு எத்தனை ஆள் வேலை என்று சொல்வதும் அவர்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதை நீ பார்த்ததில்லை. கம்பம்மெட்டு மலையில் ஏறும்போது பாதி வழியில் ரோட்டோரமாகப் பெரிய பாறை ஒன்று இருக்கிறது. பாறையடி வளைவு என்று நாங்கள் சொல்வோம். தோட்டத்துக்குப் போய்விட்டால் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது என்பதால் தினமும் அங்கே வண்டியை நிறுத்துவேன். அவர்கள் பாறைக்குப் பின்னால் போவார்கள். நானும் சூப்பர்வைசரும் வண்டியைவிட்டு இறங்கி, முன்னால் ஐம்பதடி நடந்து போய், கீழே கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நிற்போம். எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் பேச்சியம்மாள் வண்டித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அந்த இரண்டு தட்டுக் கேட்கும்வரை திரும்பக் கூடாது. மழை பெய்தாலும் திரும்பியதில்லை, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கொன்றாலும் திரும்பியதில்லை. இதில் எனக்குப் பெரிய பெருமை. டீக்கடையில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லிப் பீற்றியிருப்பேன் தெரியுமா?

நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருசம், ஏலக்காய் எடுப்புத் தொடங்குகிற சமயத்தில் மலர் வேலை கேட்டு வந்தாள். உனக்கு அவளை ஞாபகம் இருக்கும். உன் அம்மா அவளுக்கு இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். உள் அறையில் அம்மா டேப் வைத்து அளவு சொல்ல, நீதான் நோட்டில் எழுதினாய். "மலர்க்காவுக்குக் கை நீளமாம்மா?" என்று நீ கேட்டதும் அவள் சிரித்ததும் வாசலில் இருந்த எனக்குக் கேட்டது. அன்றைக்கு உனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அப்போது நல்லவளாக இருந்தாய், இப்போது மாறிவிட்டாய் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு உன் இடத்துக்கு அவள் போட்டி கிடையாது, அவ்வளவுதான்.

மலர் திருநங்கை என்று ஜீப்பில் எல்லாருக்கும் தெரியும். அவள் ஏறுவதற்கு முதல் நாள் சாயங்காலம் பேச்சியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏப்பா, அந்தப் பிள்ளைமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பாவம், பிழைக்கணும்ல. ஆனா நாங்க ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்து போறோம். தோட்டத்துல சேலையை அவுத்துட்டுச் சட்டை மாட்டுறோம். கூட இருக்கிறது சின்னப் பொண்ணுக. எங்களுக்குக் கூச்சமா இருக்குல்ல? எங்க கூச்சத்துக்கு மதிப்பே இல்லையா?" என்றாள். ஈஸ்வரி என்கிற பிள்ளை மட்டும், "என் பக்கத்துல உக்காரட்டும்க்கா, எனக்கொண்ணும் இல்ல" என்றாள். மற்றவர்கள் பேச்சியம்மாள் பக்கம். பேச்சியம்மாள் கேட்டதில் தப்பு இருந்ததாக எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. மலர் பிழைக்க வந்ததிலும் தப்பில்லை. ரெண்டு பக்கமும் நியாயம் என்றதும் நான் பெரிய நாட்டாமை மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னேன். மலர் முன் சீட்டில், எனக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவில் உட்காரட்டும் என்றேன். எல்லாருக்கும் நிம்மதி. பிரச்சினையைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டேன் என்று அன்று ராச்சாப்பாட்டில் உன் அம்மாவிடம் பெருமை வேறு. மலரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அந்த இருபது பேருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் கதவைத் திறந்து, "நீ முன்னால ஏறு" என்றேன். ஏறினாள்.

பாறையடி வளைவில் அவள் இறங்க மாட்டாள். பெண்களோடு பாறைக்குப் பின்னால் போக முடியாது, எங்களோடு முன்னால் வந்து நிற்கவும் முடியாது. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. ஒரு நாள் நான் டீ வாங்கி நீட்டியபோது, "வேண்டாம்ண்ணே, சாயங்காலம் குடிச்சுக்கிறேன்" என்றாள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் டீயை நானே குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். சூப்பர்வைசர் தனக்கு முழங்கால் வலி என்றார். "நீ போய் நில்லுப்பா, நான் இங்கனயே இருக்கேன்" என்றார். அதற்கு முன்னாலேயே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கியர் மாற்றும்போது என் கை அவர் கையில் இடித்திருக்கிறது, அவர் கை இருக்கக் கூடாத இடத்தில். மலர் தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு வருவாள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஆக, முழங்கால் வலி என்று அவர் சொன்னபோது அது என்ன வலி என்று எனக்குத் தெரியும் பவித்ரா. தெரியாது என்று உன்னிடம் பொய் சொல்ல இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. தெரிந்துதான் இறங்கினேன், ஐம்பதடி நடந்தேன், பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வாரம், தினமும்.

அவரைப் பகைத்தால் வேலை போகும், இருபது பேருக்கும் போகும் என்பது ஒரு காரணம். அதைச் சொன்னால் ஊரில் எல்லாரும் தலையாட்டுவார்கள், பாவம் குடும்பஸ்தன் என்பார்கள். அதைவிடக் கேவலமான காரணம் ஒன்று என் நெஞ்சில் இருந்தது. அந்த ஆள் மலர் வருவதற்கு முன்னால் பின்பக்கம் திரும்பித் திரும்பிச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர் வந்ததிலிருந்து திரும்புவதை நிறுத்திவிட்டார். அவர் கை முன் சீட்டோடு நிற்கிறதே, பின்னால் இருக்கிற பெண்கள் தப்பித்தார்களே என்று நினைத்தேன். இப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது என்று உன் அம்மாவிடம் சொல்லவே எனக்கு நாலு வருசம் ஆகியிருக்கிறது.

ஒரு நாள் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தேன். பனி. கீழே ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து, "அண்ணே" என்று ஒரு குரல். மலர் குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சத்தமாக, "அண்ணே!" என்றாள். நான் திரும்பவில்லை. இரண்டு தட்டு இன்னும் கேட்கவில்லையே, பெண்கள் பாறைக்குப் பின்னால் இருக்கிறார்களே, நான் எப்படித் திரும்புவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை நல்ல சாக்கு பார். பெண்களின் மானத்துக்காக நான் வைத்திருந்த வழக்கம், அதற்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டேன். தகரத்தில் இரண்டு தட்டுக் கேட்டது. திரும்பி வந்தபோது மலர் ரோட்டில் நின்றாள். ஜாக்கெட்டின் தோள் தையல் விட்டிருந்தது.

"ஏறு, செக்போஸ்ட்ல கூட்டம் சேந்துரும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே கீழே நடக்கத் தொடங்கினாள். ஈஸ்வரி பின்னாலிருந்து, "மலர்க்கா, எங்க போறீக?" என்று கூப்பிட்டாள். அவள் நிற்கவில்லை. நான் வண்டியை எடுத்தேன். மேலே ஏறும்போது சூப்பர்வைசர், "இதுகளுக்கெல்லாம் ஒரு எடத்துல நிலையா நிக்கத் தெரியாதுப்பா" என்றார். "ஆமாண்ணே" என்றேன். அந்த "ஆமாண்ணே"தான் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது. அடுத்த வாரம் நீ என்னிடம், "மலர்க்கா ஏன்ப்பா இப்பல்லாம் வாரதில்ல?" என்று கேட்டாய். வேலை பிடிக்கவில்லையாம், போய்விட்டாள் என்றேன். நீ நம்பினாய்.

நீ ஞாயிற்றுக்கிழமை போனில் கையெழுத்து என்று சொன்னபோது எனக்கு அந்த "அண்ணே" கேட்டது. மறுநாள் சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தையல் மிசினில் உட்கார்ந்திருந்தாள். காலை மிதியிலிருந்து எடுத்தாள். "அவ அந்தக் கிழிஞ்ச ஜாக்கெட்ட எங்கிட்ட தைக்கக் கொண்டு வந்தா. முள்ளு கிழிச்சிருச்சுன்னு சொன்னா. நான் தைச்சுக் குடுத்தேன்" என்றாள். அப்புறம், "மகளுக்குக் கடுதாசி எழுதப் போறேன்கிறீக. மொதல்ல அவகிட்டப் போனீகளா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என் பிள்ளைக்குப் புத்தி சொல்லப் போறீக?" என்று கேட்டாள். அதோடு என்னோடு பேச்சில்லை. இந்த வரியை எழுதும்வரை இல்லை.

நேற்று போனேன். மலர் இப்போது காமயகவுண்டன்பட்டி ரோட்டில் திராட்சைப் பெட்டி அடைக்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறாள். ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து குலைகளில் அழுகல் பழத்தைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள், அவளும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். "என்னண்ணே?" என்றாள், ஏதோ வழி கேட்க வந்தவனிடம் கேட்பதுபோல. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவள் அழவில்லை. "நீங்க திரும்புவீகன்னுதான் ரெண்டாந்தடவ கூப்பிட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "இத்தன வருசம் கழிச்சு இப்ப எதுக்கு வந்தீக?" என்று கேட்டாள். உன் காலேஜ், உன் டீம், அந்தப் பிள்ளை, மனு எல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அப்ப உங்க மகளுக்காகத்தான் வந்திருக்கீக. எனக்காக வரல" என்றாள். அது உண்மைதான்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் கேட்டேன், அதையும் மறைக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கபடியப் பத்தி எனக்கென்னண்ணே தெரியும்? நான் என்ன எல்லாத்துக்கும் சேத்துப் பதில் சொல்றவளா? எம்பேரச் சொல்லி இப்படிச் செய், அப்படிச் செய்னு மகளுக்கு எழுதிறாதீக. அந்தப் பிள்ளை வேற, நான் வேற" என்றாள். சரி என்றேன். அந்த ஆள்மேல் அவள் புகார் கொடுப்பதாக இருந்தால் நான் பார்த்ததை வந்து சொல்கிறேன் என்றேன். "யாரு முன்னால சொல்லுவீக?" என்றாள். யார் முன்னாலும் என்றேன். "மொதல்ல அந்த ஜீப்புல சொல்லுங்க. அப்புறம் நான் யோசிக்கிறேன்" என்றாள். பேரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டதற்கு, "போடுங்க. மலர்னு போடுங்க. பழைய பேரக் கிளறி எழுதுனீகன்னா வீட்டுக்கே வந்துருவேன்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அங்கே நிற்கும்போதே உள்ளே போய்க் கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் வழக்கம்போல முன் கதவைத் திறந்தார். "எடமில்லண்ணே" என்றேன். "என்னப்பா விளையாடுறியா, காலியாத்தான கெடக்கு" என்றார். "காலியாவே கெடக்கட்டும்" என்று கதவை இழுத்துச் சாத்தினேன். அவர் சொன்னதெல்லாம் இங்கே எழுதக் கூடியது இல்லை. வேறு ஜீப்பைப் பிடித்து எங்களுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்விட்டார். இன்றைக்கு வேலை கொடுத்தார்கள், நாளைக்குத் தெரியாது. பாறையடி வளைவில் பேச்சியம்மாளை மட்டும் நிறுத்தி விசயத்தைச் சொன்னேன். "நாளைக்கு எல்லாருக்கும் சொல்லப் போறேன்க்கா, மொதல்ல உங்களுக்கு" என்றேன். அவள் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, அது 'அண்ணே'ன்னு கூப்பிட்டது பாறைக்குப் பின்னால எங்களுக்கும் கேட்டுச்சுய்யா. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. நீ இருக்கீல்ல, நீ பாத்துக்கிருவேன்னு இருந்துட்டோம்" என்றாள்.

இப்போது உன் மனுவுக்கு வருகிறேன். கையெழுத்துப் போடு, போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தகுதியும் இல்லை. ஆட்டத்தைப் பற்றி உனக்கு இருக்கிற கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேள். கோச்சிடம் கேள், விதி வைக்கிறவர்களிடம் எழுதிக் கேள், பயப்படாதே. உன்னை யாராவது இரக்கமில்லாதவள் என்று சொன்னால் என்னிடம் அனுப்பு. உன் இடத்தை விட்டுக்கொடுத்து நல்ல பேர் வாங்கு என்று உன்னைப் பெற்றவன் சொல்ல மாட்டேன். அதற்கு எவ்வளவு பாடுபட்டாய் என்று முறிந்த எலும்பைக் கட்டிக் கூட்டிவந்த எனக்குத் தெரியும். முடிவு அவளுக்குச் சாதகமாக வந்தாலும் உனக்குச் சாதகமாக வந்தாலும் ஒருத்திக்கு வலிக்கத்தான் செய்யும். அதற்கு வலிக்காத வழி ஒன்றை நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆனால் ஆட்டத்தையும் அறையையும் ஒரே தாளில் கட்டி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. "உடை மாற்றுவதற்கு அவர் வேறு எங்காவது போய்க்கொள்ளட்டும்" என்று ஒரு வரி இருப்பதாக நீயே படித்துக் காட்டினாய். உங்கள் கூச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை, பேச்சியம்மாளின் கூச்சமும் பொய் இல்லை. ஆனால் அந்த "வேறு எங்காவது" எது ஆத்தா? நீ போய்ப் பார்த்தாயா? அங்கே கதவு இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? நானும் ஒருத்தியை வேறு எங்காவது என்றுதான் அனுப்பினேன். எனக்கு அது ஒரு முன் சீட்டு, காலியாக இருந்தது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அந்த வரியில் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் அந்த இடத்தைப் போய் உன் கண்ணால் பார்த்துவிட்டுப் போடு. நல்ல இடம் இல்லையென்றால் நல்ல இடம் ஒன்று வேண்டும் என்று அதே மனுவில், அதே கேப்டன் கையெழுத்தோடு கேள். உங்களுக்குத் தனியாக வேண்டும் என்று கேட்கிற அதே வாயால் அவளுக்குப் பத்திரமாக வேண்டும் என்றும் கேட்கலாம், அதற்கு யாரும் வரி போடப் போவதில்லை.

அதற்கெல்லாம் முன்னால் அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேசு. உன் மனசில் இருக்கிறதை அப்படியே சொல். நீ வந்தால் என் இடம் போகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, நாங்கள் இப்படி ஒரு மனு எழுதியிருக்கிறோம் என்று அவள் மூஞ்சிக்கு நேராகச் சொல். அவள் சண்டைக்கு வரலாம், அழலாம், உன்னைத் திட்டலாம். வாங்கிக்கொள். அவளுக்குத் தெரியாமல் பின்னால் கூடிப் பேசி அவள் கையில் முடிவை மட்டும் கொடுக்காதே. நாங்கள் இருபத்தொரு பேர் அதைத்தான் செய்தோம்.

இதைப் படித்தால் உனக்கு என்மேல் கோபம் வரும், அருவருப்பும் வரும். வரட்டும். எங்கப்பா ஓட்டுவது பொம்பளை ஜீப் என்று உன் சிநேகிதிகளிடம் நீ பெருமையாகச் சொல்வாய், இனிமேல் சொல்ல மாட்டாய். கொஞ்ச நாளைக்கு என் போனை எடுக்க மாட்டாய் என்று உன் அம்மா சொல்கிறாள், இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எடுக்காவிட்டால் பரவாயில்லை. நாளை வியாழக்கிழமை, சாயங்காலம் உனக்கு ப்ராக்டிஸ் இருக்கிறது, அவளும் வருவாள். முதலில் அவளிடம் பேசு. என்னிடம் பேசுவதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

உன் அப்பா